வாத்துக்காரன் பழக்கிய நாய்

நாயைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் முதலில் எங்களைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். "நீங்கள்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கூட வாத்தியாரிடம் யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி வரும்போது நான் கூண்டுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவேன். சார்தான் பதில் சொல்வார்.

"நான் ஆர்மி. நாய்ப் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவன். இந்தம்மா சிங்கப்பூர்ல பெரிய பெரிய வீட்டு நாயெல்லாம் பாத்தவங்க. அதோ போறாரே, அவருக்குக் கால்நடை அனுபவம்."

கேட்பவர்கள் என்னை மாட்டு டாக்டரிடம் வேலை பார்த்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள். சார் பொய் சொல்லவில்லை. வாத்தும் கால்நடைத் துறையில்தான் சேரும்.

எங்கள் மையம் பாபநாசத்துக்கு வெளியே, ஓட்டம் நின்றுபோன ஒரு ரைஸ் மில்லில் இருக்கிறது. நெல் காயப்போட்ட சிமெண்டுக் களத்தில் இப்போது நாய்கள் நடை பழகுகின்றன. அவித்த நெல் குவித்த கொட்டகையில் கூண்டுகள். பழக்குகிறவர்கள் மூன்று பேர்தான். மூவருமே இந்தத் தொழிலுக்கென்று வளர்ந்தவர்கள் இல்லை. வேறு வேறு வழியில் போய்க்கொண்டிருந்தவர்கள் இங்கே வந்து நின்றோம்.

சார் பட்டாளத்தில் வடக்கே வெகுகாலம் இருந்தார். வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் நாய்கள் அவர் கையில் இருந்தன. அவர் பழக்கிய நாய் எதிரில் கறிச்சோறு வைத்தாலும் உத்தரவு இல்லாமல் தொடாது. உத்தரவு இந்தியில்தான். ஒருமுறை கும்பகோணத்துக்காரர் ஒருவர் நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டம்மா வைத்த சோற்றின் முன்னால் அது எச்சில் ஒழுக உட்கார்ந்தே இருந்திருக்கிறது. சாயங்காலம் அந்தம்மா அழாத குறையாகப் போன் செய்தார். சார் போனை நாயின் காதில் வைக்கச் சொல்லி இந்தியில் ஒரு வார்த்தை சொன்னார். மறுநிமிடம் தட்டு காலி.

அக்கா நாகூர்ப் பக்கம். எனக்கு வயதில் இளையவர்தான், ஆனாலும் மையத்தில் எல்லாரும் அக்கா என்று சொல்லி எனக்கும் அதுவே பழகிவிட்டது. அவர் என்னை அண்ணே என்பார். சிங்கப்பூரில் வீட்டு வேலைக்குப் போனவரை அந்த வீட்டு நாய்களோடு சேர்த்து விட்டிருக்கிறார்கள். மாடி வீடு, வெள்ளைத் தரை, வெளியே போய்வந்தால் நாயின் நான்கு காலையும் துடைத்துத்தான் உள்ளே விட வேண்டுமாம். அந்தப் பழக்கம் அவர் கையோடு வந்துவிட்டது. அவர் பழக்கிய நாய் ஒன்று திருக்கருகாவூர்ப் பக்கம் ஒரு விவசாயி வீட்டுக்குப் போனது. வாசலில் வந்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுமாம். அவர் நேரில் வந்து அக்காவிடம் முறையிட்டார்.

"சேத்துல உழுதுட்டு வர்ற நானே கால் கழுவாம உள்ள போறேன். இது துணி எடுத்துட்டு வான்னு நிக்குது. நான் இதுக்கு மொதலாளியா, வேலைக்காரனா?"

"ஒரு தடவை துடைச்சு விட்டீங்கன்னா வீடு சுத்தமா இருக்கும்ல, சார்," என்றார் அக்கா.

"என் பொண்டாட்டியும் அதத்தாம்மா சொல்றா. இப்ப எனக்கும் சேத்துத் துணி போட்டு வச்சிருக்கா."

நானும் சிரித்தேன். இப்படி ஒன்று என்னிடமும் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான் வாத்து மேய்த்தவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, ஏனென்றால் வாத்து ஓர் ஊரில் நிற்காது. குறுவை அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லையும் நத்தையையும் தின்றுகொண்டே அது நகரும். அந்த ஊர் முடிந்தால் அடுத்த ஊர். வயல்காரரிடம் அப்பா பேசி அனுமதி வாங்குவார். நான் கோலோடு பின்னால் நடப்பேன். வலையைச் சுற்றிக் கட்டிப் பட்டி போட்டு, பக்கத்திலேயே தார்ப்பாய்க் கூடாரம். நரிக்கும் கீரிக்கும் காவலாக எப்போதும் இரண்டு நாய்கள் இருக்கும். அவற்றைக் குட்டியிலிருந்து பழக்குவது என் வேலை. அதை ஒரு வேலை என்றே நான் எண்ணியதில்லை. பின்னால் ஒரு வருடம் வாத்துகளுக்கு நோய் வந்து எல்லாம் போயிற்று. அப்பாவும் போனார். நான் கிடைத்த கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இங்கே கூண்டு கழுவத்தான் வந்தேன். குட்டிகள் நிறைய வந்த ஒரு மாதத்தில் கை போதாமல் சார் இரண்டை என்னிடம் கொடுத்தார். அப்படியே இருந்துவிட்டேன்.

ஆனி மாதம் ஒரு பெண் கட்டைப்பையில் ஒரு செவலைக் குட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பதை ஒட்டிய வயது. நீடாமங்கலத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். நாட்டு நாய்தான், தாடை மட்டும் கறுப்பு. பைக்குள்ளிருந்து தலையை நீட்டி எங்கள் எல்லாரையும் பார்த்தது.

"இது என்னம்மா பண்ணணும்?" என்று சார் கேட்டார்.

"குரைச்சாப் போதும் சார். கடிக்கல்லாம் வேணாம்."

"குரைக்கறதுக்கு எதுக்கும்மா ட்ரெயினிங்? அது தானா குரைக்கும்."

"தானா குரைச்சா எல்லாத்துக்கும் குரைக்கும் சார். பால்காரருக்கு, நடவாளுங்களுக்கு, எங்க மாட்டுக்கு. தெரியாத ஆளுக்கு மட்டும் குரைக்கணும்."

பிறகு தன் நிலைமையைச் சொன்னார். கணவர் மஸ்கட்டில். வீடு தெருவில் இல்லை, நிலத்தின் நடுவே மோட்டார் கொட்டகையை ஒட்டி. அவரும் சின்ன மகளும் மட்டும்தான். கணவரின் அண்ணன் நீடாமங்கலத்தில் இருக்கிறார். தனியாக இருப்பது சரியில்லை, வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடு, நிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

"கெட்டவர் இல்ல சார். மாடியில ஒரு ரூம் குடுப்பாங்க, சோறு போடுவாங்க. ஆனா அங்க போயிட்டா ஒரு சோப்பு வாங்கவும் சொல்லிட்டுத்தான் போவணும். நெலம் ஒரு தடவை அவர் கைக்குப் போச்சுன்னா எங்க கைக்குத் திரும்பி வராது. ஒரு நாயாவது வச்சுப் பாக்கறேன்னு சொல்லியிருக்கேன். அதுவும் சரிப்படலன்னா வண்டி எடுத்துட்டு வந்து சாமானை ஏத்திடுவேன்னு சொல்லிட்டாரு."

நாட்டுக் குட்டி என்பதால் சார் அதை என்னிடம் விட்டார். இரண்டு மாதம் என்னிடம் இருந்தது. அதுபோல் ஒரு குட்டி எனக்கு அமைந்ததில்லை. கோழியைத் தொடாது. வெளியாள் கொடுப்பதைத் தின்னாது. தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரித்துப் பார்க்கும். கடைசி நாள் சார் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேற்றாளாகக் களத்துக்குள் வந்தார். செவலை ஒரு சுற்றுச் சுற்றி அவர் எதிரில் போய் முதுகு மயிர் நிமிர நின்றது. அவர் இடப்பக்கம் போனால் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். "பிரமாதமா மறிக்குது," என்றார் சார். ஹெல்மெட்டைப் பார்த்ததும் கூண்டில் இருந்த நாய்கள் அத்தனையும் கூரை அதிரக் குரைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் இது ஒன்று வாய் திறக்கவில்லை என்பதை யார் கவனிப்பது?

புரட்டாசியில் அந்தப் பெண் திரும்ப வந்தார். உர மூட்டை ஏற்றிவந்த குட்டியானை வண்டியின் பின்னால், செவலையைக் கயிற்றில் பிடித்தபடி. சண்டை போட வந்தவர் மாதிரி இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சார், நாய் நல்ல நாய். ஆனா ஊமை."

நடந்தது இதுதான். மத்தியானம் அவர் நாற்றங்காலில் இருந்திருக்கிறார். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் செவலை சுற்றிச் சுற்றி வருவது தூரத்தில் தெரிந்திருக்கிறது. சத்தம் இல்லாததால் கீரியைத் துரத்துகிறது என்று நினைத்து வேலையைப் பார்த்திருக்கிறார். போய்ப் பார்த்தால் மோட்டார் ஒயரை வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் எவனோ. சேற்றில் அவன் கால்தடத்தைச் சுற்றி முழுக்க நாயின் தடம். பாவம், அது மறித்துத்தான் பார்த்திருக்கிறது.

"எங்க வீட்டுக்காரரோட அண்ணனுக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. வர்ற ஞாயித்துக்கெழமை வண்டியோட வர்றேன்னுட்டாரு."

நாய் ஊமை என்பதைச் சார் நம்பவில்லை. செவலையைக் கூண்டுகளின் சத்தம் எட்டாத வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்தார். தகரத்தைத் தட்டினார். கத்தினார். செவலை சுற்றிப் போய் மறித்தது, மயிர் நிமிர்ந்தது, உதடு நடுங்கியது. சத்தம் மட்டும் இல்லை. ஒவ்வொரு முறையும் திரும்பி என்னைப் பார்த்தது.

அப்போது என் காலடியில் கட்டியிருந்த இன்னொரு குட்டி சாரைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது, உடனே நின்றது.

"அண்ணே," என்றார் அக்கா. "உங்க கையைப் பாருங்க."

என் கை அந்தக் குட்டியின் மூக்குத்தண்டின் மேல் இருந்தது. இரண்டு விரல், மெதுவாக. நான் குனிந்ததோ கையை நீட்டியதோ எனக்கே தெரியவில்லை.

வாத்துப் பட்டிக்குப் பக்கத்தில் நாய் குரைக்கக் கூடாது. குரைத்தால் வாத்து மிரளும். மிரண்டால் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டியது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மிஞ்சியதும் சில நாளைக்கு முட்டை வைக்காது. அதனால் குட்டி வாயைத் திறக்கும்போதே இரண்டு விரலை மூக்கின்மேல் வைப்போம். அடிப்பதில்லை, அதட்டுவதில்லை. கொஞ்ச நாளில் அதற்குப் புரிந்துவிடும். நரி வந்தாலும் சத்தமில்லாமல் போய் மறிக்கும். அப்பாவின் கை அப்படித்தான் போகும், என் கையும் அப்படித்தான். இதை நான் அவர்களிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "வாத்து மெரளும் சார்," என்றேன். மீதியை அவர்களே கேட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

சார் ஹெல்மெட்டைக் கழற்றினார். "அப்ப ரெண்டு மாசமா வாத்துக்குக் காவல் நாய் ரெடி பண்ணியிருக்கீங்க."

"எங்க வீட்ல வாத்து இல்லியே சார்," என்றார் அந்தப் பெண்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

சார் வளர்ந்த அல்சேஷன் ஒன்றைக் கொடுப்பதாகச் சொன்னார். "அதுக்குக் கறி போட்டே நான் நெலத்தை வித்துருவேன் சார். இதுதான் என் மகளோட படுத்துக் கெடக்குது, மாட்டோட சேந்து போவுது. இதையே குரைக்க வைங்க," என்றார் அவர்.

சார் என்னைப் பார்த்தார். "நீங்கதான் மூடுனீங்க. நீங்கதான் தொறந்து விடணும்."

மறுநாள் சாரின் காரில் மூன்று பேரும் போனோம். பழக்க வேண்டியது அந்தப் பெண்ணின் வீட்டில், அவர் நிலத்தில். களத்தில் குரைத்து என்ன பயன்? வரப்பில் அரைப் பர்லாங்கு நடக்க வேண்டியிருந்தது. பக்கத்து வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் நடவுப் பெண்களின் கை தானாகவே மெதுவாயிற்று.

சாரின் திட்டம் எளிது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சாக்கோடு வரப்பில் வருவார். நான் செவலையின் பக்கத்தில் நின்று பெருஞ்சத்தம் போட வேண்டும். பழக்கியவனே சத்தம் போட்டால், சத்தம் போடலாம் என்று அதற்குப் புரியும். என் கையை நம்பாமல் அக்கா என் இரண்டு கையிலும் கைக்கொரு நாற்றுக் கட்டைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

சார் வந்தார். "யாரு?" என்றேன்.

"பஸ்ல சீட்டு இருக்கான்னு கேக்குறாரு," என்று வயலிலிருந்து ஒரு குரல்.

"யாருடா அது?" என்றேன் மறுபடி.

"நாய் காதுல ரகசியம் சொல்றாருடி. சாயங்காலத்துக்குள்ள அதுவே வந்து நம்மகிட்டச் சொல்லும்."

எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. நான் சத்தம் போட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. எப்போதாவது போட்டேனா என்றே தெரியவில்லை. அமைதியாக இருப்பதை நல்ல குணம் என்று நினைத்து வந்தவன் நான். எனக்கு அது ஒத்து வந்தது. வாத்துக்கும் ஒத்து வந்தது. என்னிடம் வந்த குட்டிகளுக்கும் அதையே கொடுத்திருக்கிறேன், அவை எங்கே போய் இருக்கப்போகின்றன என்று யோசிக்காமல்.

செவலை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கையில் நாற்று. நான் வேறு வழியில்லாமல் குரைத்தேன். நாய் மாதிரியே.

வயலில் அத்தனை பேரும் சேற்றில் உட்காராத குறையாகச் சிரித்தார்கள். அக்கா திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. நான் மறுபடியும் குரைத்தேன். செவலையின் காது நிமிர்ந்தது. வாயைத் திறந்தது. உடனே மூடிக்கொண்டு முகத்தை என் பக்கம் நீட்டிக் காத்திருந்தது. என் விரலுக்காகத்தான் காத்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க சார்," என்று அக்கா கை காட்டினார்.

சார் பட்டாளத்து பூட்ஸ் போட்டிருந்தார். எங்கே போனாலும் அதுதான். மழைக்கு ஊறிய வரப்பில் பூட்ஸ் வழுக்கியது. சாய்ந்தவர் சமாளிக்க ஒரு காலை வயலில் வைத்தார், பிறகு இன்னொரு காலையும். அது அந்தப் பெண்ணின் வயல். காலையில்தான் நட்டு முடித்திருந்தார்கள்.

"யோவ்! நடவுல கால வைக்காதய்யா!"

அந்தப் பெண்தான். அதுவரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர். அவர் குரல் அவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. மாடு திரும்பிப் பார்த்தது. அந்தக் குரலோடு சேர்ந்து செவலைக்கும் சத்தம் வந்தது. முதலில் மீசை முளைக்கிற வயசுப் பையனின் குரல் போல உடைந்து, கீச்சென்று. அது தன் சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டுப் பின்வாங்கியது. நான் இரண்டு நாற்றுக் கட்டுகளையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, சார், மன்னிச்சுக்குங்க."

"நிறுத்தாதீங்க," என்றார் சார், முழங்கால் சேற்றில் நின்றபடி. "திட்டுங்க. நல்லாத் திட்டுங்க."

"எப்படி சார் உங்களப் போய்..."

"நான் ஒயர் திருடன்மா. திட்டுங்க."

அவர் மெதுவாகத் தொடங்கினார். நடவுப் பெண்கள் வார்த்தை எடுத்துக் கொடுத்தார்கள். செவலை ஒவ்வொரு திட்டுக்கும் ஒன்று குரைத்தது, பிறகு அவர் மூச்சுவாங்க நிறுத்தியபோதும் தானே குரைத்தது. கொஞ்ச நேரத்தில் அவர் சொன்னதில் ஒயரும் இல்லை, திருடனும் இல்லை. "யாரைக் கேட்டுட்டு வந்த? யாரைக் கேட்டு என் நெலத்துல எறங்குன? இங்க நான் இருக்கேன்ல? ஆள் இல்லன்னு நெனச்சியா?" என்று கேட்டுக்கொண்டே போனார். நடவுப் பெண்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி மட்டும், "அப்படிக் கேளு," என்றாள்.

திரும்பும்போது முழங்கால் வரை சேறு அப்பியிருந்த சாருக்கு அந்தப் பெண் சொம்பில் தண்ணீர் ஊற்றினார். "நான் இப்படிக் கத்துனதே இல்ல சார்," என்றார். "தனியா இருக்கறவ சத்தம் போட்டா, என்னடி அங்க ரகளைன்னு கேப்பாங்க. அதனால கூப்புடறதுக்குக் கூட கிட்டப் போய்த்தான் கூப்புடுவேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னிடம் மூடிய வாயோடு போன நாய், அங்கேயும் மூடிய வாய் ஒன்றைத்தான் பார்த்திருக்கிறது. அது யாரிடம் கற்றுக்கொள்ளும்?

சனிக்கிழமை வரை தினமும் போனேன். என் வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. தெரியாத ஆளாக யார் யாரையோ வரப்பில் நடக்கச் சொல்வோம். அந்தப் பெண் ஒரு குரல் கொடுப்பார், செவலை குரைக்கும். ஆள் யார் என்று பார்த்துவிட்டு அவர் "போதும்" என்பார். நிறுத்துவதற்கு அந்தச் சொல்தான், அவர் குரலில். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகவில்லை. அது அவர்கள் குடும்ப விஷயம், நாம் நிற்கக் கூடாது என்றார் சார். ஆனாலும் மூவருமே அன்று மையத்தில் இருந்தோம், லீவு நாளாக இருந்தும். மத்தியானம் அந்தப் பெண்ணிடமிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

கணவரின் அண்ணன் பைக்கில் முன்னால் வந்தாராம், சாமான் ஏற்றும் வண்டி ரோட்டில் நின்றதாம். பைக்கை நிறுத்திக் காலைக் கீழே வைக்கும் முன் செவலை குரைக்கத் தொடங்கிவிட்டது. அவரை அதற்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அன்று வீட்டிலிருந்து ஒரு குரல் போயிருக்கிறது.

"என்னன்னு குரல் குடுத்தே?" என்று அக்கா கேட்டார்.

"யாருன்னுதான்க்கா கேட்டேன். பட்டப்பகல்ல கண்ணு தெரியலன்னு சொன்னா நம்புவாரான்னு தெரியல. கேட்டுட்டேன்."

"அவரு?"

"நான்தான், நாயைப் புடின்னாரு. வர்றேன் மாமான்னுட்டு அடுப்பை அணைச்சு, கையைக் கழுவிட்டு, மெதுவாத்தான் போனேன். அது வரைக்கும் பைக் மேல காலைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்துருந்தாரு. போதும்னேன், நின்னுருச்சு. டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சாரு. நாயைப் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. வண்டியைத் திருப்பி அனுப்பிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"தம்பி தைக்கு வரட்டும், பேசிக்கலாம்னாரு. இப்ப ஒயர் மாட்ட ஆள் அனுப்பிருக்காரு, அவர் செலவுல."

போனில் செவலை குரைக்கும் சத்தம் நன்றாகக் கேட்டது. ஒயர் மாட்ட வந்தவரை வரப்பிலேயே நிறுத்தி வைத்திருக்கிறதாம். "இருங்கக்கா, வந்தர்றேன்," என்று அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போனார். "யாருங்க அது?" என்று கேட்டது எங்கள் மூவருக்கும் கேட்டது. மில்லின் கொட்டகையில் இருந்த நாய்கள் காதை நிமிர்த்தின.